கொல்லிமலையில் பெய்த கஞ்சி

“அட்டையை எடுத்துப் போட அவளுக்குக் கை இல்லீங்களா? இல்லாட்டி அவங்கப்பனுக்குத்தான் கண்ணு தெரியலீங்களா?”

சாரதாமணி போட்ட சத்தத்தில் மரத்து மேலிருந்த குரங்குகள்கூட ஒரு கிளை தள்ளி உட்கார்ந்தன. கொல்லிமலை ஏற்றத்தில் பாதிக்கு மேல் வந்திருந்தோம். ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாசி பிடித்த பாறை, மறுபக்கம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிற பள்ளம். அந்தப் பாதையின் நடுவில் அவள் புருஷன் தண்டாயுதபாணி ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தான். அவனுடைய இடது உள்ளங்கையில் சௌந்திரத்தின் குதிகால் இருந்தது. வலது கையால் புகையிலையைக் கசக்கி, அவள் கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டையின் மேல் தேய்த்துக்கொண்டிருந்தான். சௌந்திரம் அவனுக்குத் தாய்மாமன் மகள். வயசுப் பெண். கீழே விழாமலிருக்க அவன் தோளில் ஒரு கையை வைத்திருந்தாள். சண்டையில் பாதி அட்டைக்கு. மீதி அந்தக் கைக்கு.

“ரத்தத்தைக் குடிக்குது புள்ள. பாத்துட்டுச் சும்மாப் போகச் சொல்றியா?”

“எங் காலைப் பாருங்க. அடிவாரத்துல இருந்து கடிச்சுட்டுத்தான் இருக்குது. நீங்க திரும்பிப் பாத்தீங்களா?”

“நீ சொன்னியா?”

“அவ சொன்னாளா?”

சௌந்திரம் ஒன்றும் சொல்லவில்லைதான். அவனாகவே பார்த்திருக்கிறான். கேட்காமல் பார்த்தது எவ்வளவு பெரிய குற்றம் என்று அங்கிருந்த பெண்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஆண்களுக்கு மட்டும் அது விளங்கவில்லை. என் வீட்டுக்காரர் வெங்கடாசலம் சோற்றுக் குண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு, அட்டைக்குப் புகையிலையைவிடச் சுண்ணாம்பு நல்லது என்று யோசனை சொன்னார். அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

மேல் திருப்பத்தில் கோலை ஊன்றி நின்றுகொண்டிருந்த சாரதாமணியின் மாமியார் முத்தாயம்மாள், நோம்பிக்கு வந்த இடத்தில் வாயை அடக்கச் சொல்லி மருமகளை அதட்டினாள். அவளுக்குப் பக்கத்தில் அவள் தம்பி குமாரசாமி நின்றார். சௌந்திரத்தின் தகப்பனார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்காகத்தான் எடப்பாடியிலிருந்து அவரை வரவழைத்திருந்தார்கள்.

அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மேட்டூர் அணை கட்டி முடித்த வருஷம் அது. ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு ராசிபுரத்தில் பாதி ஊர் காவேரிக்கு வண்டி கட்டும். எங்கள் தறிக்காரத் தெருவில் பிள்ளை வரம் கேட்கிறவர்கள் மட்டும் கொல்லிமலைக்குப் போய் அறப்பளீசுவரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கை அருவியில் குளித்துவிட்டு வருவார்கள். சாரதாமணிக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஓடிவிட்டது. வயிறு திறக்கவில்லை. அதனால் இந்த வருஷம் மலைக்குப் போவதென்று முத்தாயம்மாள் முடிவு பண்ணினாள். அதோடு நிறுத்தினாளா என்றால் இல்லை. தம்பியையும் தம்பி மகளையும் கூட்டிக்கொண்டாள். சாமி மருமகளுக்குக் கொடுத்தால் சரி. கொடுக்காவிட்டால் சௌந்திரத்தை இரண்டாந்தாரமாகக் கட்டிவைத்துவிடுவது. மலையிலிருந்து இறங்குவதற்குள் சம்மதமா இல்லையா என்று சொல்லிவிடுவதாகக் குமாரசாமியும் ஒப்புக்கொண்டிருந்தார்.

இந்தப் பேச்சு சாரதாமணிக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரே மண்சுவர். எங்கள் பக்கத்துக் காது நல்ல காது; கேட்டதை அவளிடம் சொல்லிவிட்டேன்.

என்னை யாரும் மலைக்குக் கூப்பிடவில்லை என்று தெருவில் சிலர் இன்றைக்கும் சொல்வதுண்டு. கூப்பிடாத இடத்துக்குப் போகிறவள் இல்லை நான். கூப்பிட வைத்துத்தான் போனேன்.

அட்டை ஒருவழியாக உதிர்ந்தது. நடந்தோம். அதற்குமேல் சாரதாமணி நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். நாள் முழுக்க ராட்டை முன்னால் உட்கார்ந்து ஊடை நூலைத் தாராகச் சுற்றுகிற உடம்பு. சமதரையில் நடந்தாலே மூச்சு வாங்கும். அவள் முண்டியடித்துக்கொண்டு புருஷனுக்கும் சௌந்திரத்துக்கும் நடுவில் புகுந்தாள். ஒரு ஆள் மட்டுமே போகக்கூடிய பாதையில் அப்படிப் புகுந்தால் புகுந்ததுதான்; யாராலும் முந்த முடியாது. முன்னால் புருஷன் முதுகு, பின்னால் பங்குக்கு வந்தவள். தங்கச்சி, தங்கச்சி என்றுதான் வாய் நிறையக் கூப்பிட்டாள், முறையும் அதுதானே. தங்கச்சிக்கு முன்னால் வந்த மூங்கில் முள்ளை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

காடு போகப்போக அடர்ந்தது. வெயில் என்பதே இலைக்கு மேலே எங்கேயோ நடக்கிற சமாசாரமாகிவிட்டது. மிளகுக்கொடி சுற்றின மரம், பெரிய பெரிய வேர், காலை வைத்த இடத்தில் வழுக்குகிற கல். எங்கள் தெரு ஆண்களுக்குக் குழித்தறியில் மிதித்து மிதித்துக் கால் உரம் உண்டு, ஆனால் உட்கார்ந்தபடி மிதிக்கிற உரம் அது. தண்டாயுதபாணிக்கே இரண்டு தடவை சறுக்கிற்று. சௌந்திரத்துக்கு மட்டும் சறுக்கவில்லை. பாவாடைக் காலத்தில் மரம் ஏறின பெண் போலிருக்கிறது. வேருக்கு வேர் தாவினாள், மூச்சு வாங்கவில்லை, நடுவில் பாட்டு வேறு. சாரதாமணி அந்தக் கால்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, எடப்பாடித் தண்ணீர் குடித்தால் பாதம் இப்படித்தான் அகன்று போகுமா என்று கேட்டாள்.

வழியில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. காட்டுப் பலாச்சுளை பிரித்தபோது அவன் முதல் சுளையை யாருக்கு நீட்டினான், ஓடையைத் தாண்டும்போது யார் மூட்டையை வாங்கிக்கொண்டான், யார் சொன்ன எதற்குச் சிரித்தான். ஒவ்வொன்றுக்கும் நின்று ஒரு பாட்டம் நடந்தது. இருட்டுவதற்குள் மலைமேலிருக்கும் ஊருக்குப் போய்விட வேண்டுமென்று கிளம்பியவர்கள், சண்டைக்கு நின்று நின்று, மழை கறுத்தபோது நடுக்காட்டில் மாட்டிக்கொண்டோம்.

ஓடைக்கு மேலே அகலமான ஒரு தட்டுப்பாறை கிடைத்தது. மண்ணில் படுத்தால் அட்டை விடாது. பாறையில் படுத்தால் மழை விடாது. அங்கேதான் தங்குவதென்று ஆயிற்று. மேலே போர்த்த ஒன்றும் கொண்டுவரவில்லை. அப்போதுதான் தண்டாயுதபாணி சீர் மூட்டையை அவிழ்த்தான்.

அந்த மூட்டையில் அவன் தறியில் நெய்த கோடி வேட்டிகள் இருந்தன. மாமன் சம்மதம் சொன்னதும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்க முத்தாயம்மாள் மடித்துக்கொண்டு வந்தவை. கஞ்சி போட்டு, காய வைத்து, கட்டையால் அடித்து, தட்டினால் பலகை மாதிரி சத்தம் வரும். அவற்றை நீளவாக்கில் கோத்துக் கூடாரமாகக் கட்டலாம் என்றான். கெட்டித் துணி, கஞ்சித் துணி, சொட்டு இறங்காது என்றான். தறிக்காரர்கள் எல்லோருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. தெருவில் பாவு நூலை நீளமாக நீட்டிக் கஞ்சி பூசியிருக்கும்போது தூறல் போட்டால், துளிகள் தாமரை இலையில் உருள்கிற மாதிரி உருண்டு ஓடும். பார்த்திருக்கிறோம். எங்கள் ஊர்த் தூறலை வைத்துக் கொல்லிமலை மழையை எடைபோட்டது அவன் மட்டுமல்ல, எல்லோரும் தலையாட்டினோம்.

சாரதாமணி மட்டும் குறுக்கே வந்து நின்றாள்.

“வேண்டாமுங்க. அது சீருத் துணி. எலை வெட்டிப் போட்டுக்கலாம்.”

“மாமாவும் புள்ளையும் எலைக்கடியில கெடக்கோணுமா?”

“நனையக் கூடாதுங்க. சொன்னாக் கேளுங்க.”

“எந் துணி ஒரு மழைக்குத் தாங்காதா? மாமா முன்னால என்ன பேச்சுப் பேசற?”

அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். சௌந்திரம் நனையாமல் படுப்பது இவளுக்குப் பொறுக்கவில்லை என்று முத்தாயம்மாள் வானத்தைப் பார்த்துச் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். காலையிலிருந்து அவள் பண்ணிய கூத்துக்கு வேறு என்ன நினைப்பது.

மரத்துக்கு மரம் கயிறு கட்டி வேட்டிகளை இழுத்துப் போட்டான். நல்ல நடுவிடத்தில் சௌந்திரத்தை உட்கார வைத்தாள் முத்தாயம்மாள். அதற்கு அடுத்தபடி குமாரசாமி, அப்புறம் அவள். மருமகளுக்கு ஓரம். கட்டுச்சோற்றைப் பிரித்து இரண்டு வாய் வைத்திருப்போம், மழை பிடித்துக்கொண்டது. மழை பிடித்ததும் சாரதாமணி எழுந்து ஓரத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். புருஷன் அவள் கையைத் தட்டிவிட்டான். அவள் மறுபடி போனாள். இந்தக் கொடுமை எங்கேயாவது உண்டா என்று மாமியார் அழ ஆரம்பித்தாள். சாரதாமணியின் முகத்தில் இருந்தது பொறாமை இல்லை, பயம் என்று அப்போதுதான் எனக்குத் தட்டிற்று. எதற்குப் பயம் என்று விளங்குவதற்குள் மேலேயிருந்து விளக்கமே இறங்கி வந்தது.

முதலில் தெளிந்த தண்ணீராகத்தான் சொட்டிற்று. பிறகு வெளுத்துச் சொட்டிற்று. பிறகு சொட்டவில்லை, ஒழுகிற்று. வடித்த கஞ்சியை யாரோ மேலேயிருந்து நிதானமாகக் கவிழ்க்கிற மாதிரி, புளித்த வாடையோடு, கொழகொழவென்று எங்கள் தலையிலும் சோற்றிலும் இறங்கிற்று. நடுவிடம் என்பதால் சௌந்திரத்துக்கு மரியாதை அதிகம். எண்ணெய் வைத்து வாரின தலையில் வழிந்து, நெற்றிப் பொட்டைக் கரைத்து, மூக்கு நுனியில் தொங்கிற்று. அவள் முதலில் சிரித்தாள், அப்புறம் தும்மினாள். என் வீட்டுக்காரர் உதட்டை நக்கிப் பார்த்து, ஒரு கல் உப்புப் போட்டிருந்தால் குடிக்கலாம் என்றார்.

குமாரசாமி சிரிக்கவில்லை. அண்ணாந்து பார்த்தார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை வாழ்த்தும்போதே அங்கவஸ்திரத்தின் ஓரத்தைத் தூக்கி இழை பார்க்கிற மனுஷர் அவர். வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. கஞ்சி கரைந்துபோன வேட்டிக்கு அந்தப் பக்கம் மரக்கிளை தெரிந்தது. கிளையில் இலை தெரிந்தது. இலையின் நரம்பு தெரியாத குறைதான். அவர் எழுந்து துணியை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்தார். குறுக்கே ஓடுகிற ஊடை இழைகள் நகர்ந்து ஒதுங்கின. அவருடைய விரல் அந்தப் பக்கம் போய்விட்டது.

“மாப்ள, இது வேட்டியா, மீன் வலையா?”

சாரதாமணிதான் முன்னால் வந்தாள்.

“கஞ்சி பதம் தப்பிப் போச்சுங்க சித்தப்பா. காய்ச்சுனது நானுங்க. எந் தப்பு.”

“கஞ்சி பதம் தப்புனாத் துணியில கறை வரும் அம்மணி. இழை எங்க போகும்?”

அவள் பயந்தது இதற்குத்தான். எங்கள் தெருவில் கஞ்சி காய்ச்சுவதும் தார் சுற்றுவதும் பெண்கள் வேலை. புருஷன் முன்னைவிடக் குறைவாக ஊடை போடுகிறான் என்று சுற்றுகிற கைக்குத் தெரியாமல் இருக்குமா? சேலத்து வியாபாரி நூல் கொடுத்து வேட்டி வாங்குகிறவன். கெட்டியாகக் கஞ்சி ஏற்றினால் எடை நிற்கும், கண்ணுக்கும் நெருக்கமாகத் தெரியும், நூல் மிச்சம். அந்த மிச்சத்தை விற்று வீட்டுக்குத்தான் செலவழிக்கிறான் என்று நினைத்து, சாரதாமணி வருஷம் முச்சூடும் கெட்டிக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டு, வாய் திறவாமல் இருந்திருக்கிறாள். ஊரெல்லாம் அவளைப் பொறாமைக்காரி என்றது. புருஷன் மானத்துக்காக அவள் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் அத்தோடு சும்மா இருந்திருந்தால் காரியம் அவளுக்குச் சாதகமாகவே முடிந்திருக்கும். குமாரசாமி அக்காளைப் பார்த்து, உன் மகனுக்கு நெருக்கி நெய்யக் கை வரவில்லை, இவனை நம்பியா என் பெண்ணைக் கேட்கிறாய் என்று ஆரம்பித்துவிட்டார். எங்கள் தெருவில் ஒருவனைத் திருடன் என்று சொல்லலாம், கோபம் ஆறினால் சேர்ந்துகொள்வார்கள். நெய்யத் தெரியாதவன் என்று சொன்னால் தாய் பொறுக்க மாட்டாள். முத்தாயம்மாள் கஞ்சித் தலையோடு எழுந்து நின்றாள்.

“எம் மகனுக்கா நெய்யத் தெரியாது? குருசாமிபாளையத்துக்கு வா, காட்டறேன். உம் பொண்ணுக்குக் கூறைச் சீலை நெய்யறதுக்குத்தான் நூலை மிச்சம் புடிச்சான். அந்தச் சீலையில உன் வெரலை விட்டுப் பாரு. ஊசி எறங்காது.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. தண்டாயுதபாணி கண்ணை மூடிக்கொண்டான். சாயங்காலம் தோறும் குருசாமிபாளையத்துக்குப் பஜனைக்குப் போகிறேன் என்று அவன் போய்வந்தது எங்கள் தெரு முழுக்கத் தெரியும். பக்திமான் ஆகிவிட்டான் என்றுகூடப் பேசிக்கொண்டோம். அங்கே சிநேகிதன் வீட்டுத் தறியில் சேலை ஏறியிருக்கிறது. சாரதாமணி காய்ச்சிய கஞ்சியின் மறைவில் மிச்சம் பிடித்த நூல், சாயம் போட்டு, சாரதாமணியின் சக்களத்திக்குச் சேலையாகிவிட்டது.

நான் சாரதாமணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் மெதுவாக, சந்தையில் விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

“என்ன நெறமுங்க, அத்தை?”

முத்தாயம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருஷன்தான் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு: “மாம்பழ நெறம். அரக்குக் கரை.”

போன தீபாவளிக்கு அவள் அவனிடம் கேட்ட சேலை மாம்பழ நிறம், அரக்குக் கரை. நூல் எங்கே இருக்கிறது என்று சொல்லி அவன் தட்டிவிட்டான். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னொருத்திக்கு நெய்ய உட்கார்ந்தபோது, நிறம் யோசிக்கக்கூட அவனுக்குச் சோம்பல்.

குமாரசாமி வேட்டியை உதறிவிட்டு உட்கார்ந்தார். களவு நூல் தன் பெண் உடம்பில் ஏறாது என்றார். இனி இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று அக்காளிடம் சொன்னார். சௌந்திரம் அதுவரை முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள், தகப்பனுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: “நூலு நல்ல நூலா இருந்தாலும் எனக்கு வேண்டாமுங்கப்பா. இந்த அக்கா என்னையப் பாக்கற பார்வைக்கு முன்னால ஒரு வாய் சோறு எறங்காது. ஒரு நாளைக்கே இப்பிடி.”

எனக்கு என்னவோ, களவு நூலைவிட அந்தப் பார்வைதான் கல்யாணத்தை நிறுத்திற்று என்று தோன்றியது. ஆனால் ஜெயித்தவள் ஜெயித்த மாதிரி இல்லை. கூடாரம் உபயோகமில்லாமல் போனதால் ஆளுக்கொரு மரத்தடியில் ஒதுங்கினோம். சாரதாமணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலையெல்லாம் கஞ்சி. முந்தானையால் வழித்து வழித்து எறிந்தாள். பிறகு கேட்டாள்:

“மாரக்கா, மாம்பழ நெறம் அவளுக்கு எடுக்குமா?”

எடுக்காது என்றேன். உண்மையில் ரொம்ப நன்றாக எடுக்கும்.

“எனக்கு?”

உனக்காகவே பிறந்த நிறம் என்றேன். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு விடியும்வரை அப்படியே இருந்தாள். அட்டை ஏறியிருக்கும், அவள் பார்க்கவில்லை.

மறுநாள் மழை விட்டது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, சாமியைப் பார்க்காமல் இறங்கினால் ஊர் சிரிக்கும் என்று மீதி மலையையும் ஏறினோம். அறப்பளீசுவரரைக் கும்பிட்டுவிட்டு, வேரையும் பாறையையும் பிடித்துக்கொண்டு அருவிப் பள்ளத்தில் இறங்கினோம். வரம் கேட்கிறவர்கள் புருஷன் வேட்டித் தலைப்பையும் பெண்டாட்டி முந்தானையையும் முடிந்துகொண்டு அருவியில் நிற்பார்கள். குளித்துக் கரையேறியதும் முடிச்சை அவிழ்த்துவிடுவார்கள். இது எங்கள் தெருவில் வழிவழியாக வருகிறது. முடிச்சைப் பெண்தான் போட வேண்டும். இவள் போடமாட்டாள், முகத்தில் துப்பிவிட்டுத் திரும்புவாள் என்று நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டோம். அவள் போட்டாள். கூறு தெரியாதவள் போடுகிற முடிச்சு இல்லை, அறுந்த பாவு இழையைச் சேர்க்கும்போது போடுவோமே, அந்த முடிச்சு. நனைய நனைய இறுகும்.

கரையேறினதும் தண்டாயுதபாணி அவிழ்க்கப் பார்த்தான். நகம் பிய்ந்தது. பல்லால் கடித்தான். கத்தியால் அறுத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் மடிக் கத்தியை நீட்டினார்.

“சாமி முன்னால போட்ட முடிச்சுங்க,” என்றாள் சாரதாமணி. “கத்தி படக் கூடாது. அதுவாக் காஞ்சு எளகட்டும்.”

ஆடி மாசத்துக் கொல்லிமலையில் எது காய்கிறது? வேட்டித் தலைப்பு ஆயிற்றே, உதறிவிட்டு ஓடவும் முடியாது. மலை முழுக்க அவள் முன்னால் நடந்தாள், அவன் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனான். அவள் நின்றால் நின்றான். ஓடையில் அவள் முகம் கழுவினால் அவனும் குனிந்தான். எதிரே ஏறிவந்த நோம்பிக் கூட்டமெல்லாம் ஒதுங்கி நின்று பார்த்தது. ஒருத்தி, எத்தனை பக்தி பாருங்கடி என்று தன் மகளுக்குக் காட்டினாள். ஒரு திருப்பத்தில் சௌந்திரம் கால் தவறி உட்கார்ந்துவிட்டாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பத்தான் முடியாதே.

அடிவாரத்தில் வண்டி ஏறும்போதும் முடிச்சு அப்படியே இருந்தது. அதற்குமேல் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள நானும் ஆசைப்பட்டேன். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அந்த வாரமே சாரதாமணி தனியாகக் குருசாமிபாளையத்துக்கு நடந்து போய்த் தறியிலிருந்த சேலையை அறுத்து எடுத்துக்கொண்டு வந்தாள். விசேஷத்துக்குக் கட்டுவாள் என்று பார்த்தால், அதைக் கட்டிக்கொண்டு சாணி தட்டினாள், பாவுக்குக் கஞ்சி பூசினாள், மாமியார் கண்ணுக்கு முன்னால் நாள் பூராவும் நடந்தாள். கெட்டி நெசவு, அத்தனை சீக்கிரத்தில் கிழியவில்லை. நிறம் அவளுக்கு எடுத்ததா என்று கேட்காதீர்கள். நான் ஒருமுறை சொல்லிவிட்டேன்.

சௌந்திரத்தைத் தை மாசத்தில் குமாரபாளையத்தில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை சண்முகவேல் மூத்தாள் கீத்தாள் இல்லாத ஒற்றை ஆள், சொந்தமாக இரண்டு தறி. முத்தாயம்மாள் அந்தக் கல்யாணத்துக்குப் போனவள் அப்படியே எடப்பாடியில் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டாள். பிள்ளை பிறக்கவில்லை சாரதாமணிக்கு. இன்னொரு கல்யாணப் பேச்சும் அந்த வீட்டில் பிறகு பிறக்கவில்லை. சேலத்து வியாபாரி காதுக்கும் விஷயம் எட்டி, அவன் நூல் கொடுப்பதை நிறுத்தினதும், புருஷனும் பெண்டாட்டியும் சட்டி பானையோடு சேலம் அம்மாபேட்டைக்குக் குடிபோனார்கள். அங்கே அவன் கூலிக்கு நெய்கிறான், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து தார் சுற்றுகிறாள், தறி முதலாளி வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாலும் சண்டை என்று கேள்வி. அவர்கள் இருந்த வீட்டில் இப்போது நெய் வியாபாரி ஒருவர், இரண்டு சம்சாரங்களோடு குடி வந்திருக்கிறார்.